பார்டர் சுகர்னு சொல்லி அனுப்பிட்டாங்க, இது சுகரா இல்லையா டாக்டர்?

கேள்வி: சார், நாங்க தங்கச்சிமடம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 36 வயசு, நாட்டுப்படகுல போறாரு, ஆளு ஒல்லி. போன மாசம் ஊருக்குள்ள கேம்ப் போட்டு விரல்ல குத்திப் பாத்தாங்க, 232 வந்துச்சு, சுகர்னு சொல்லிட்டாங்க. அப்பறம் வெளிய லேப்ல எடுத்தோம். வெறும் வயித்துல 119, இட்லி சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 208, மூணு மாச சுகர் 6.3. லேப்காரர் பார்டர்தான் பயப்படாதீங்கங்குறாரு. மாமியார் ஒல்லியா இருக்கவனுக்கு சுகர் எங்க வரப்போகுதுங்குறாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் அவரு போடுற மாத்திரையில பாதிய குடுத்து போட்டுப் பாருங்கன்னாரு. லேப்ல எடுக்கிறதுக்கு ஒரு மாசம் முந்தி இவரு சித்தப்பா ஆபரேஷனுக்கு ரத்தம் குடுத்தாரு, அதனால ஏதும் ஆயிருக்குமா? எனக்கும் ரெண்டாவது பிள்ளை வயித்துல இருக்கப்ப சுகர்னாங்க, பிறந்ததும் சரியாயிருச்சு. இது சுகரா இல்லையா, சுகர்னா என்ன டைப்பு, தெளிவா சொல்லுங்க.

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்தப் பாதி மாத்திரைய அண்ணன்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க. என்ன மாத்திரைன்னு நீங்க எழுதல. மெட்ஃபார்மினா இருந்தா அது மட்டும் சுகர ரொம்ப இறக்கிவிடாது, ஆனா கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையா இருந்துச்சுன்னா அது சாப்பிட்டோமா இல்லையான்னு பாக்காம கணையத்துல இருந்து இன்சுலின வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், நேரத்துக்குச் சாப்பாடு இல்லாம நடுக்கடல்ல வலை இழுத்துட்டு இருக்கப்ப சுகர் 50, 60னு இறங்கிருச்சுன்னா கை நடுங்கி வேர்த்துக் கொட்டி கண்ணு இருட்டிக்கிட்டு வரும், கரையில சர்க்கரைத் தண்ணி குடிச்சா சரியாகுற விஷயம் வள்ளத்துல உசுரு போற விஷயமாயிரும். அதோட மாத்திரை போட்டுட்டு டெஸ்ட் எடுத்தா வர்ற நம்பர் அவரோட நம்பர் இல்ல, மாத்திரையோட நம்பர்.

இப்ப கேள்விக்கு வர்றேன். உங்க கையில இருக்க ரிப்போர்ட்ட வச்சு இவருக்கு சுகர்னு எழுதிக் குடுக்க முடியாது. சுகர் இல்லைன்னும் எழுத முடியாது. குறைஞ்சபட்சம் சுகருக்கு முந்தின நிலையில இருக்காரு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா என் கணிப்பு என்னன்னா ஒழுங்கா டெஸ்ட் எடுத்தா சுகர்ங்குற பக்கம் போகத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஏன் அப்பிடி சொல்றேன்னு ஒவ்வொரு நம்பரா எடுத்துப் பாப்போம், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

சுகர்னு முடிவு பண்ண உலகம் பூரா ஒத்துக்கிட்ட கணக்கு இதுதான். எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாம ரத்தக்குழாயில எடுத்த ரத்தத்துல 126 அல்லது அதுக்கு மேல. இல்லைன்னா 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு 200 அல்லது அதுக்கு மேல. இல்லைன்னா ஹெச்பிஏ1சி, அதான் நீங்க சொல்ற மூணு மாச சுகர், 6.5 அல்லது அதுக்கு மேல. நாலாவது, அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, தாகம், எடை குறையிறதுன்னு அறிகுறி தெளிவா இருக்க ஆளுக்கு எந்த நேரத்துல எடுத்தாலும் 200க்கு மேல இருந்தா அது ஒண்ணே போதும். அறிகுறி எதுவும் இல்லாத ஆளுக்கு ஒரு தடவ ஒரு நம்பர் தாண்டுனா பத்தாது, ரெண்டு ரிசல்ட் தாண்டியிருக்கணும், அது ஒரே நாள் எடுத்த ரெண்டு வேற டெஸ்டா இருக்கலாம், இல்ல வேற ஒரு நாள் திரும்ப எடுத்த அதே டெஸ்டா இருக்கலாம். இந்த ரெண்டாவது தடவைங்குறத நம்ம ஊர்ல பாதிப் பேரு விட்டுர்றாங்க, ஒரு நம்பர்ல ஆயுசுக்கும் சுகர்காரராகிடறாங்க, இல்ல ஒரு நம்பர்ல தப்பிச்சுட்டோம்னு நெனச்சு அஞ்சு வருஷம் கழிச்சு கால் புண்ணோட வர்றாங்க. ரெண்டாவது ரகத்தப் பாக்கும்போது எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும்.

கேம்ப்ல வந்த 232. விரல்ல குத்திப் பாக்குற மெஷின் ஏற்கனவே சுகர் இருக்கவங்க வீட்டுல பாத்துக்கத்தான், சுகர் இருக்கா இல்லையான்னு முடிவு பண்ண அது கிடையாது. நல்ல மெஷினுக்கே 15 சதவீதம் வரைக்கும் மேல கீழ இருக்கலாம்னு அனுமதி இருக்கு, அப்ப 232ன்னு காட்டுனா உள்ள உண்மையில 200லருந்து 270க்குள்ள எங்க வேணா இருக்கலாம். அதுபோக கேம்புக்கு வர்றவங்க இனிப்பு டீ குடிச்சு பன்னு தின்னுட்டு கை கழுவாம விரல நீட்டுவாங்க, விரல்ல ஒட்டியிருக்க இனிப்பையும் அந்த மெஷின் சேத்து எண்ணிரும். அதுக்காக கேம்ப்ல பாத்த நர்ஸ குத்தம் சொல்லிராதீங்க, சந்தேகப்பட்டு உங்கள அனுப்புனது அவங்கதான், அவங்க வேலைய அவங்க சரியாத்தான் செஞ்சாங்க. 2021ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதுல இருந்து நம்ம கரையோரத்துல எத்தனையோ பேருக்கு சுகர் இருக்குங்குறதே இப்பிடி வாசல்ல வந்து குத்திப் பாத்ததுலதான் தெரிஞ்சிருக்கு.

அடுத்து வெறும் வயித்துல 119. இது 126க்குக் கீழதான். ஆனா நான் உங்கள்ட்ட ரெண்டு விஷயம் கேக்கணும். ரத்தம் எங்க எடுத்தாங்க, எங்க கொண்டுபோய் ஓட்டுனாங்க? வீட்டுக்கே ஆள் வந்து எடுத்துட்டு பைக்ல இன்னும் நாலு வீடு சுத்திட்டு ராம்நாடு கொண்டு போயிருந்தா, டியூப்புக்குள்ள இருக்க ரத்த அணுக்களே அந்தச் சர்க்கரைய தின்னுக்கிட்டே இருக்கும், மணிக்கு அஞ்சுலருந்து ஏழு சதவீதம் வரைக்கும் குறைஞ்சுக்கிட்டே போகும், நம்ம வெயில்ல கேக்கவே வேணாம். 126 இருந்த ரத்தம் ஒரு மணி நேரம் சும்மா கிடந்தாலே 119க்கு வந்துரும், கணக்கு போட்டுப் பாருங்க. அதுக்குத்தான் சுகருக்கு எடுக்குற ரத்தத்த சாம்பல் கலர் மூடி போட்ட டியூப்ல எடுப்பாங்க, அதுல ஃப்ளூரைடு இருக்கும், அதுவும்கூட ஒடனே நிறுத்தாது, வேலை செய்ய ஒண்ணு ரெண்டு மணி நேரம் பிடிக்கும். அதனால லேப்லயே போய் உக்காந்து குடுக்குறதுதான் நல்லது.

இன்னொரு கேள்வி, அன்னைக்கு காலையில அவரு கடலுக்குப் போயிட்டு வந்தாரா? வெறும் வயிறுங்குறது நம்ம மீன்பிடிக்காரங்களுக்கு ஒரு பெரிய குழப்பம். ராத்திரி பூரா முழிச்சு, விடியக்காலம் படகுல ஒரு கட்டன் சாயா குடிச்சு, பீடி இழுத்து, கரைக்கு வந்து மீன எறக்கிட்டு ஏழு மணிக்கு லேப்ல போய் நான் இன்னும் சாப்பிடலைன்னு நிப்பாங்க. பொய் சொல்லல, சோறு சாப்பிடலதான். ஆனா தூங்காத ராத்திரியும் அந்த சர்க்கரை போட்ட சாயாவும் நம்பர மாத்திரும். டெஸ்டுக்கு கடலுக்குப் போகாத நாளா பாத்து, முந்தின ராத்திரி வீட்டுல தூங்கி எந்திரிச்சு போகச் சொல்லுங்க.

இட்லி சாப்ட்டு 208 வந்தது ரூல்படி கணக்குல வராது, ஏன்னா எத்தனை இட்லி, சட்னியா சாம்பாரா, எப்ப சாப்பிட ஆரம்பிச்சாருன்னு ஆளுக்கு ஆள் மாறும். ரூல்படி வேணும்னா குளுக்கோஸ் குடிச்சுத்தான் பாக்கணும். ஆனா எனக்கு உங்க ரிப்போர்ட்லயே கண்ணு போய் நின்னது இந்த 208லதான். நம்ம ஆளுங்களுக்கு வெறும் வயித்து சுகர் ஒழுங்கா இருந்து சாப்பாட்டுக்கு அப்பறம் ஏறுறது ரொம்ப சகஜம், வெறும் வயித்த மட்டும் பாத்து அனுப்புனா இவங்க எல்லாரும் கைய விட்டு நழுவிருவாங்க.

அப்பறம் 6.3. இதுலதான் நீங்க கேட்ட ரத்தம் குடுத்த விஷயம் வருது, நீங்க அத எழுதுனது ரொம்ப நல்லதாப் போச்சு. ரத்தம் குடுத்ததால சுகர் வராது, அந்தப் பயம் வேணாம், நல்ல காரியம்தான் செஞ்சிருக்காரு. ஆனா ஹெச்பிஏ1சிங்குறது சிவப்பணுவுல எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குன்னு பாக்குற டெஸ்ட், ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உசுரோட இருக்கும், அத்தனை நாளும் ஒட்டுனதுதான் அந்த நம்பர். ஒரு பாட்டில் ரத்தம் குடுத்ததும் உடம்பு புது அணுக்கள வேகமா தயார் பண்ணும், புது அணுவுல ஒட்ட நேரம் இருந்திருக்காது, அதனால நம்பர் உள்ளதவிட கொஞ்சம் கம்மியா காட்ட வாய்ப்பு இருக்கு. அப்ப 6.3ன்னு வந்தது உண்மையில 6.5ஐத் தொட்டிருக்கலாம். கிட்னி பழுதானவங்க, ரத்தம் ஏத்திக்கிட்டவங்க, தலசீமியா மாதிரி ரத்தக் கோளாறு இருக்கவங்க, கர்ப்பமா இருக்கவங்க, இவங்களுக்கெல்லாம் இந்த டெஸ்ட மட்டும் நம்பக்கூடாது. இரும்புச்சத்து கம்மியா இருக்க பொம்பளைங்களுக்கு தலைகீழா, உள்ளதவிட கூட காட்டும். கடல்பாசி எடுக்கப் போற அக்காமாருல ரத்தம் கம்மியா உள்ளவங்க நிறைய பேரு, 6.6னு ஒரு சீட்ட மட்டும் வச்சுக்கிட்டு அழுதுட்டு வருவாங்க, நான் மொதல்ல ஹீமோகுளோபின் எவ்வளவுன்னுதான் பாப்பேன்.

லேப்காரர் சொன்ன பார்டருக்கு வருவோம். வெறும் வயித்துல 100லருந்து 125, குளுக்கோஸ் குடிச்சு 140லருந்து 199, ஹெச்பிஏ1சி 5.7லருந்து 6.4, இதுதான் சுகருக்கு முந்தின நிலைன்னு அமெரிக்க நீரிழிவு சங்கத்தோட கணக்கு. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயித்துக்கு 110லருந்துதான் எடுத்துக்கும், அதான் ஒரு லேப் சீட்டுல 105 நார்மல்னு இருக்கும், இன்னொண்ணுல இல்லைன்னு இருக்கும், ரெண்டுமே தப்பு இல்ல. 126ங்குறதே முன்னாடி 140ஆ இருந்துச்சு, 1997லதான் அமெரிக்காவுல இறக்குனாங்க, 1999ல உலக சுகாதார நிறுவனமும் ஏத்துக்கிச்சு. சும்மா ஒரு நம்பர பிடிச்சு எழுதல. ஆயிரக்கணக்கான பேரோட சுகரையும் அவங்க கண்ணுக்குப் பின்னாடி உள்ள விழித்திரையையும் சேத்து வச்சுப் பாத்தாங்க, எந்த அளவத் தாண்டும்போது கண் நரம்புல ரத்தக்கசிவு தெரிய ஆரம்பிக்குதோ அந்த இடத்துல கோடு போட்டாங்க. ஆனா இதயத்துக்கு வர்ற கெடுதி அந்தக் கோட்டுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது, அது பார்டர்லயே ஆரம்பிச்சிரும். அதனால பார்டர்னு சொல்லி பயப்படாதீங்கன்னு அனுப்புறது எனக்கு ஒப்புதல் இல்ல.

சரி, என்ன டெஸ்ட் எடுக்கணும். 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சுப் பாக்குற டெஸ்ட், அதோட அன்னைக்கே வெறும் வயித்து ரத்தமும். ராமநாதபுரம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில போய் சொன்னா செஞ்சு குடுப்பாங்க. டெஸ்டுக்கு முந்தி மூணு நாளு வழக்கமா சாப்பிடுற சோறத்தான் சாப்பிடணும், பயந்துக்கிட்டு சோத்த நிறுத்திட்டு வெறும் மீனும் முட்டையுமா சாப்ட்டுப் போனா அன்னைக்கு குளுக்கோஸ் குடிச்சதும் நம்பர் தப்பா ஏறிரும், இது நிறைய பேருக்குத் தெரியாது. காய்ச்சல், புண்ணு சீழ் இருக்கப்ப போகாதீங்க, உடம்பு நோயோட மல்லுக்கட்டும்போது எல்லாருக்கும் சுகர் ஏறும். குளுக்கோஸ் தண்ணிய அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிச்சுட்டு அந்த ரெண்டு மணி நேரமும் உக்காந்தே இருக்கணும், வெளிய போய் பீடி குடிக்கிறது, பஜார்ல சாமான் வாங்க நடக்கிறது எதுவும் கூடாது. வாந்தி எடுத்துட்டாருன்னா சொல்லிருங்க, இன்னொரு நாள்தான் எடுக்கணும். வெறும் வயித்துலயும் தாண்டி ரெண்டு மணி நேரத்துலயும் தாண்டுச்சுன்னா முடிஞ்சது, சுகர்தான். ஒண்ணு மட்டும் தாண்டுனா இன்னொரு நாள் திரும்ப எடுத்து உறுதி பண்ணிக்கணும்.

இப்ப டைப்பு. உங்க மாமியார் சொன்ன மாதிரி நெனைக்கிறவங்கதான் ஊர்ல அதிகம். ஒல்லியா இருந்தாலும் சுகர் வரும். நம்ம நாட்டுக்காரங்க உடம்பு பாக்க ஒல்லியா இருந்தாலும் தசை கம்மி, வயித்துக்குள்ள கொழுப்பு ஜாஸ்தி, அதனாலதான் வெளிநாட்டுக்காரங்களுக்கு 25 வரைக்கும் சரின்னு சொல்ற பிஎம்ஐய, அதான் உயரத்துக்கு எடை சரியான்னு பாக்குற கணக்க, நமக்கு 23லயே நிறுத்தச் சொல்றாங்க. இன்ச் டேப் எடுத்து இடுப்பச் சுத்தி அளந்து பாருங்க, ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 தாண்டக்கூடாது. கை கால் குச்சியா இருந்து வயிறு மட்டும் முன்னாடி வந்திருந்தா இவருக்கு இருக்கிறது டைப் 2ன்னு எடுத்துக்கிறது நியாயம்தான்.

ஆனா வயிறும் ஒட்டி, ஆளே கம்பியா இருந்தா நான் அதோட விடமாட்டேன். சின்ன வயசுலருந்து அடிக்கடி மேல்வயிறு வலிச்சு முதுகுப் பக்கம் இழுக்குமா? வெளிக்குப் போறது எண்ணெய் மாதிரி மிதக்குமா? குடிப்பழக்கம் உண்டா? உண்டுன்னா கணையத்துலயே கோளாறு இருக்கலாம். கணையத்துல கல்லு கட்டி அதனால வர்ற சுகர் ஒண்ணு நம்ம பக்கத்துலயும் கேரளாவுலயும் ரொம்ப காலமா இருக்கு, குடிக்காதவங்களுக்கும் வரும், வயித்த ஸ்கேனோ எக்ஸ்ரேயோ எடுத்தா கல்லு தெரியும். அவங்களுக்கு பெரும்பாலும் இன்சுலினும் சாப்பாடு செரிக்க என்சைம் மாத்திரையும் வேணும், டைப் 2 மாத்திரைய மட்டும் குடுத்துக்கிட்டே இருந்தா ஆள் உருகிக்கிட்டே போவாரு. சின்ன வயசுல சத்துக்குறைவா வளந்தவங்களுக்கு வர்ற சுகர 1985ல உலக சுகாதார நிறுவனம் தனி வகையா சேத்துச்சு, 1999ல எடுத்துருச்சு, இப்ப 2025ல சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு அதுக்கு டைப் 5னு பேரு குடுத்துருக்கு. பசியோட வளந்த ஊருங்களுக்கு இது தேவையான அங்கீகாரம்னு நான் நெனைக்கிறேன்.

டைப் 1 பிள்ளைங்களுக்கு மட்டும்தான்னு நெனைக்காதீங்க. உடம்போட எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்குற செல்ல அழிச்சிரும், அது 30, 40 வயசுலயும் மெதுவா நடக்கும், ஆரம்பத்துல மாத்திரைக்குக் கேக்குற மாதிரி கேட்டு அப்பறம் கேக்காது. சந்தேகம் வந்தா ஜிஏடி ஆன்டிபாடி, சி-பெப்டைடுன்னு ரெண்டு ரத்த டெஸ்ட் இருக்கு, அதுல தெரிஞ்சிரும், எல்லாருக்கும் தேவையில்ல, செலவும் ஜாஸ்தி, டாக்டர் சொன்னா மட்டும் எடுங்க. குடும்பத்துல தாத்தா, அப்பா, பிள்ளைன்னு மூணு தலைமுறையா 25 வயசுக்குள்ளயே ஒல்லியா இருந்தும் வந்திருந்தா அது ஜீன்ல வர்ற வேற வகை. உடம்பு வலிக்கு, வீசிங்குக்குன்னு கடையில பேரு தெரியாத மாத்திரை வாங்கிப் போடுற பழக்கம் இருந்தா அந்தப் பொட்டலத்தயும் கொண்டு போய்க் காட்டுங்க, அதுல ஸ்டீராய்டு இருந்தா அதுவே சுகர ஏத்தும்.

ஒரே ஒரு நிலைமையில மட்டும் டெஸ்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. திடீர்னு எடை இறங்குது, ராத்திரில நாலஞ்சு தடவ எந்திரிக்கிறாரு, வாந்தி, வயித்து வலி, மூச்சு ஆழமா வேகமா வாங்குது, வாய்ல பழ வாடை, மயக்கமா கிடக்குறாருன்னா டெஸ்ட், அப்பாயின்ட்மென்ட் எதையும் யோசிக்காம 108க்கு போன் பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. இன்சுலின் சுத்தமா இல்லாம ரத்தத்துல கீட்டோன்ங்குற அமிலம் ஏறுற நிலை அது, மணிக்கணக்குல ஆளக் கொண்டு போயிரும்.

ஒருவேளை டெஸ்ட்ல பார்டர்லயே நின்னுட்டாருன்னா அது நல்ல சேதி, ஆனா வேலை இருக்கு. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, இந்த மாதிரி பார்டர்ல இருந்தவங்கள மூணு வருஷம் பாத்ததுல சும்மா விட்டவங்கள்ல 100க்கு 55 பேருக்கு சுகர் வந்துருச்சு, சாப்பாட்டயும் நடையயும் மாத்துனவங்கள்ல 39 பேருக்குத்தான் வந்துச்சு. உங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போற நாள்ல உழைப்புக்குக் குறைச்சல் இல்ல, பிரச்சனை கடலுக்குப் போகாத நாளுங்கதான், வேலை இல்லாத நாள்ல நாட்டுப்படகுக்காரங்க பாதி நேரம் உக்காந்தேதான் இருக்காங்க, சோறு மட்டும் கடலுக்குப் போற நாள் அளவுக்கே உள்ள போகும். அன்னைக்கு சோத்துல ஒரு கரண்டி கொறைங்க, மீனும் காயும் கூட வைங்க, மீன பொரிக்காம குழம்பா வைங்க. சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டி போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சாயல்குடி பக்கம் நிறைய பேரு நம்புறாங்க, நம்ம மண்ணுல விளையிற பொருள் மேல எனக்கும் பாசம் உண்டு, ஆனா அதுவும் ரத்தத்துல போனா சர்க்கரைதான், பதநீரும் அப்பிடித்தான்.

இப்ப உங்களப் பத்தி. மொத்த லெட்டர்லயும் நீங்க ஒரே வரியில எழுதிட்டுப் போனீங்களே, பிள்ளை வயித்துல இருக்கப்ப சுகர்னாங்க, பிறந்ததும் சரியாயிருச்சுன்னு, அதப் படிச்சதும் எனக்கு உங்க வீட்டுக்காரரவிட உங்க மேலதான் கவலை வந்துச்சு. பிரசவம் ஆனதும் சுகர் இறங்குறது வழக்கம், நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் அது சுரந்த ஹார்மோனும் போயிரும், அதனால இறங்கும். ஆனா அப்பிடி வந்த பொம்பளைங்களுக்கு பின்னாடி டைப் 2 வர்றதுக்கு மத்தவங்களவிட ஏழுலருந்து பத்து மடங்கு வாய்ப்பு. பிரசவம் ஆகி ஆறுலருந்து பன்னெண்டு வாரத்துக்குள்ள அதே 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்கணும், உங்களுக்கு யாராவது எடுத்தாங்களா? எடுத்திருந்தாலும் ஒண்ணுலருந்து மூணு வருஷத்துக்கு ஒருக்க ஆயுசு பூரா பாக்கணும். கர்ப்பத்துல வர்ற சுகருக்கு கோடு வேற, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 140 தாண்டுனாலே கணக்கு, வெறும் வயித்துல வரணும்னு இல்லாம எப்ப வந்தாலும் எடுக்கலாம்ங்குற இந்த ஒரே குத்து முறைய உருவாக்குனது சென்னை டாக்டர் சேஷய்யா, அதனாலதான் தூரத்து ஊர்லருந்து பஸ் ஏறி வர்ற பிள்ளைத்தாச்சியும் சாப்ட்டு வந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பாத்துட்டுப் போக முடியுது. அடுத்து பிள்ளை பெத்துக்கிறதா இருந்தா கருத்தரிக்க முந்தியே சுகர் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ஏன்னா மொத மூணு மாசம் பிள்ளையோட இருதயம், முதுகெலும்பு உருவாகுற நேரம், அப்ப சுகர் ஏறி இருந்தா பிள்ளைய பாதிக்கும்.

அதனால தனித்தனியா அலையாதீங்க, அவரு கடலுக்குப் போகாத ஒரு நாள், ராத்திரி பத்து மணிக்கு முந்தி ரெண்டு பேரும் சாப்ட்டு முடிச்சுட்டு, காலையில வெறும் தண்ணி மட்டும் குடிச்சுட்டு ரெண்டு பேரும் சேந்தே போங்க, உங்களுக்கு ஹீமோகுளோபினும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க. பழைய ரிப்போர்ட் எல்லாம் கையோட கொண்டு போங்க, பிரசவ அட்டையும் இருந்தா எடுத்துக்கங்க. அவரோட அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க, உங்க வீட்டுல யாருக்கெல்லாம் எத்தனை வயசுல சுகர் வந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, அங்க டாக்டர் கேப்பாங்க. ரிசல்ட் வந்ததும் ரெண்டு பேரோட நம்பரையும் அவரோட இடுப்பளவையும் எழுதி அனுப்புங்க, என்ன வகைன்னு அப்ப பேசிக்கலாம்.